பொம்மைச் சிப்பாயின் தோளில் எத்தனை கிலோ?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"காலேஜுக்குப் போற புள்ள, ரீஃபிலை வெட்டிப் பொம்மைக்குப் பீரங்கி செஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்" என்று என் தாயார் பக்கத்து வீட்டு அத்தையிடம் குறைப்பட்டுக்கொண்டது என் காதில் விழுந்தது. குறை நியாயமானதே. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என்னிடம் வீட்டார் எதிர்பார்ப்பது பாடப்புத்தகத்தையே அன்றிப் பிளாஸ்டிக் சிப்பாய்களை அல்ல. ஆயினும் இந்தப் பொம்மை வேலையில் நான் கற்றுக்கொண்ட இயற்பியல் ஒன்று உண்டு. அதை ஆசிரியப் பெருமக்களுக்கும் சக மாணவ நண்பர்களுக்கும் எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை. படித்து முடித்தபின் என் தாயாரின் பக்கம் நிற்பதா, என் பக்கம் நிற்பதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

விளையாட்டு பிறந்த கதை

மேசைமேல் சிற்றுருவங்களை நிறுத்தி, விதிகளின்படி நகர்த்தி, பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவு செய்வதே சிற்றுருவப் போர் விளையாட்டு. சதுரங்கத்துக்கு இது தூரத்து உறவு. சதுரங்கத்தில் கட்டங்கள் உண்டு. இதில் அளவு நாடாதான் உண்டு. ஒரு வீரன் எத்தனை அங்குலம் நகரலாம், அவன் துப்பாக்கி எத்தனை அங்குலம் எட்டும் என்று அளந்து பார்த்து ஆடவேண்டும். இடையிலே மேடு, மரம், வீடு எல்லாம் இருக்கும்.

இதன் வேர் பிரஷ்யாவில் இருக்கிறது. 1812ஆம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்பவர் அரச குடும்பத்தாருக்கு ஒரு போர் விளையாட்டைச் செய்து காட்டினார். அவருடைய மகன் அதைத் திருத்தி 1824இல் ராணுவ அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றதாக வெளியிட்டார். அது வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்தும் விளையாட்டு. அதில் பொம்மைச் சிப்பாய்களுக்கு இடம் இல்லை.

பொம்மைச் சிப்பாய்களைப் பெரியவர்களின் மேசைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர், நாம் அறிவியல் புனைகதைகளால் அறிந்த எச்.ஜி. வெல்ஸ். 1913இல் அவர் 'லிட்டில் வார்ஸ்' என்னும் சிறு நூலை எழுதினார். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1893இல், லண்டனில் பிரிட்டன்ஸ் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டதால், சிப்பாய்கள் மலிவாகக் கிடைத்தனர். அந்நிறுவனமே வில்சுருளால் இயங்கும் ஒரு பொம்மைப் பீரங்கியையும் விற்றது. ஓர் அங்குல நீள மர உருளையை அது வீசும். ஒன்பது கஜ தூரத்திலிருந்து பத்துக்கு ஒன்பது முறை பொம்மையைத் தாக்கிவிடலாம் என்று வெல்ஸ் வியந்து எழுதியிருக்கிறார். அவருடைய விளையாட்டில் பகடைக்கு வேலையில்லை. பீரங்கி உண்மையாகவே சுடும், பொம்மை உண்மையாகவே விழும். ஆக, இந்த விளையாட்டு பிறந்த நாளிலேயே கனரக ஆயுதமும் கூடவே பிறந்துவிட்டது எனலாம். அந்நூலின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இன்று அது இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் முழுவதும் படித்த முதல் ஆங்கில நூல் அதுதான்.

பின்னர் 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் என்பவர் 'வார் கேம்ஸ்' என்ற நூலை எழுதி இங்கிலாந்தில் இவ்விளையாட்டுக்கு மறுவாழ்வு தந்தார். இவர் இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் பணியாற்றியவர், தொழிலால் பிசியோதெரபிஸ்ட். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் சிப்பாய்களை விற்கத் தொடங்கியிருந்தது. ஈயம் வாங்க வசதியற்ற பள்ளிப் பிள்ளைகளும் ஒரு படையைத் திரட்ட அவை வழி செய்தன. 1975இல் தொடங்கப்பெற்ற கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட 'வார்ஹாமர் 40,000', எதிர்காலக் கற்பனைப் போர்களையும் மேசைமேல் கொண்டுவந்தது.

கனரக ஆயுதம் ஏன் கைவேலையாகிறது?

ஒரு பொட்டலம் பொம்மைச் சிப்பாய்களைப் பிரித்துப் பாருங்கள். துப்பாக்கி ஏந்தி நிற்பவர் பலர், மண்டியிட்டுச் சுடுபவர் பலர், கையெறி குண்டு வீசுபவர் சிலர். இயந்திரத் துப்பாக்கியோ மோர்ட்டாரோ ஒன்று இருந்தால் அதிகம். சில பொட்டலங்களில் அதுவும் இராது. ஆட்டக்காரனுக்கோ மூன்று மோர்ட்டார் வேண்டும், இரண்டு பீரங்கி வேண்டும். கடையில் தனியே வாங்கலாம் என்றால் விலை கையைக் கடிக்கிறது. சில ஆயுதங்கள் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. ஆகவே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆட்டக்காரர்கள் தொடக்கம் முதலே இவற்றைத் தாமே செய்துகொண்டு வந்திருக்கின்றனர்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் பொம்மையின் கையை வெட்டி, தலையைத் திருப்பி, ஆயுதத்தை மாற்றி வேறொரு வீரனாக்குவது ஒரு வழி. இதைக் கன்வர்ஷன் என்பர். நாம் மாற்றியமைத்தல் எனலாம். தகடு, குழாய், கம்பி, களிம்பு ஆகியவற்றைக் கொண்டு ஆயுதத்தை அடியிலிருந்தே கட்டி எழுப்புவது மற்றொரு வழி. இது ஸ்கிராட்ச் பில்டிங். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே நடக்கும். ஆயுதத்தைக் கட்டுகிறோம், அதை ஏந்தும் ஆளை மாற்றியமைக்கிறோம்.

அளவுக் கணக்கு

முதலில் செய்யவேண்டியது வகுத்தல் கணக்கு. சிற்றுருவங்கள் பல அளவுகளில் வருகின்றன. வெல்ஸ் காலத்துப் பொம்மை 54 மில்லிமீட்டர் உயரம்; 1.73 மீட்டர் உயரமுள்ள மனிதனை 32ஆல் வகுத்தால் வருவது. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் பாக்கெட்டில் தொங்கும் பச்சைப் பிளாஸ்டிக் சிப்பாய்கள் சிலவற்றை அளந்து பார்த்தேன். அவையும் ஏறக்குறைய அதே உயரந்தான்! ஏர்ஃபிக்ஸ் வகை 72இல் ஒரு பங்கு. ஆள் 24 மில்லிமீட்டர் இருப்பான். வார்ஹாமர் வகையைப் பொதுவாக 28 மில்லிமீட்டர் என்பர்.

இனி ஆயுதங்களைப் பார்ப்போம். ஜெர்மானியரின் புகழ்பெற்ற 88 மி.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கியின் குழல் 4.93 மீட்டர் நீளம். 32இல் ஒரு பங்கில் அது 154 மி.மீ.; அதாவது மூன்று சிப்பாய்களை வரிசையாகப் படுக்க வைத்தால் எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவு. 72இல் ஒரு பங்கில் 68 மி.மீ. பிரிட்டிஷாரின் 25 பவுண்டர் பீரங்கியின் குழல் துளை 87.6 மி.மீ.; நம் அளவில் 2.7 மி.மீ. அமெரிக்கரின் 81 மி.மீ. எம்1 மோர்ட்டாரின் குழல் ஏறக்குறைய 1.2 மீட்டர் நீளம். நம் அளவில் 37 மி.மீ. நீளமும் இரண்டரை மி.மீ. துளையும் வரும்.

இதுவரை வகுத்தல் நமக்கு நண்பன். விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கிக்கு வரும்போது அவன் கைவிட்டுவிடுகிறான். அதன் துளை 7.7 மி.மீ. அதை 32ஆல் வகுத்தால் கால் மில்லிமீட்டர்கூட இல்லை. 72ஆல் வகுத்தால் 0.1 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம். அந்தக் கணக்குப்படியே செய்தால் கை பட்டவுடன் முறிந்துவிடும். மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியவும் தெரியாது. ஆகவே செய்பவர்கள் நீளத்தைக் கணக்குப்படி வைத்துக்கொண்டு, கனத்தை மட்டும் சற்றுக் கூட்டிவிடுகின்றனர். 28 மி.மீ. உருவங்களில் கைகளும் துப்பாக்கிகளும் பருத்து இருப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அளவுகோலுக்குப் பொய்யாகவும் கண்ணுக்கு மெய்யாகவும் இருப்பது இக்கலையின் முதற் சமரசம்.

வேண்டிய பொருள்கள்

மேல்நாட்டார் பயன்படுத்துபவை: பிளாஸ்டிகார்டு எனப்படும் பாலிஸ்டைரீன் தகடு, பித்தளைக் குழாய், மில்லிபுட் போன்ற இரண்டு பகுதி எபாக்சிக் களிம்பு, மெல்லிய துரப்பணம், கூரிய கத்தி. நான் பயன்படுத்தியவை: காலாவதியான ஏ.டி.எம். அட்டை (கனம் 0.76 மி.மீ., சீரான தகடு), தீர்ந்துபோன பேனா ரீஃபில், ஊதுபத்திக் குச்சி, மோட்டார் காயில் கட்டும் கடையில் கேட்டு வாங்கிய செப்புக் கம்பித் துண்டுகள், குண்டூசி, வீட்டில் குழாய்க் கசிவுக்கு வாங்கி மிஞ்சிய எம்-சீல்.

எம்-சீலும் எபாக்சிதான். இரண்டு நிறக் களிம்பையும் சம அளவில் எடுத்து ஒரே நிறமாகும்வரை பிசையவேண்டும். அரை மணி நேரத்துக்குள் உருவத்தை முடித்துவிட வேண்டும். விரலில் ஒட்டாமலிருக்கத் தண்ணீர் தொட்டுக்கொள்ள வேண்டும். கையுறை அணிவது நல்லது. 72இல் ஒரு பங்கு வேலை செய்வோர் மோர்ட்டார் குழலுக்கு ஊசி மருந்து செலுத்தும் ஊசியைப் பயன்படுத்தலாம். 18ஆம் எண் ஊசியின் வெளிவிட்டம் 1.27 மி.மீ.; அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் மருந்துக் கடையில் வாங்கிய புது ஊசியாக இருக்கவேண்டும். பயன்படுத்திய ஊசியைத் தொடவே கூடாது.

திருவிழாச் சிப்பாய்களிடம் ஒரு தொல்லை உண்டு. அவை பாலித்தீன் வகைப் பிளாஸ்டிக். வழவழப்பான அப்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பிடிப்பதில்லை. ஏர்ஃபிக்ஸ் சிப்பாய்களிடமும் இதே தொல்லை இருந்ததால், அக்காலத்து ஆட்டக்காரர்கள் பசையை நம்பாமல் ஊசியை நம்பினர். வெட்டிய இரு பகுதிகளிலும் சூடேற்றிய ஊசியால் துளையிட்டு, குண்டூசித் துண்டைச் செருகி இணைப்பது அவர்கள் கண்ட வழி. எலும்பு முறிந்தால் மருத்துவர் கம்பி வைப்பதில்லையா, அதுபோலத்தான். வண்ணம் பூசுமுன் சோப்பு நீரில் நன்கு கழுவவேண்டும்.

மோர்ட்டார் செய்யும் முறை

ஓர் ஆயுதத்தைச் செய்ய அது எவ்வாறு இயங்குகிறது என்று தெரிந்திருக்கவேண்டும். தெரியாமல் செய்தால் தேவையற்ற உறுப்பு முளைக்கும், தேவையான உறுப்பு விடுபடும்.

இன்றைய மோர்ட்டாரின் மூதாதை 1915இல் வில்ஃபிரட் ஸ்டோக்ஸ் என்னும் ஆங்கிலப் பொறியாளர் செய்த ஆயுதம். எளிமையே அதன் பெருமை. ஒரு பக்கம் மூடிய வழவழப்பான குழாய். அதன் அடியில் ஒரு முனை. குண்டை வாய்வழியே நழுவவிட்டால் அது கீழே விழுந்து அம்முனையில் மோதும். வெடிமருந்து பற்றி, வந்த வழியே குண்டு வெளியேறும். பீரங்கியில் உதையைத் தாங்க நீரியல் அமைப்பும் சுருள்வில்லும் தேவைப்படும். மோர்ட்டாரில் அவை இல்லை. குழல் செங்குத்தாக நிமிர்ந்து நிற்பதால் உதை முழுவதும் நேரே பூமிக்குள் இறங்கும். அதைப் பரப்பி வாங்கிக்கொள்வது அடியிலுள்ள இரும்புத் தட்டு. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது என்று முதல் பருவத்தில் படித்தோமல்லவா? அந்தத் தட்டு இல்லையென்றால் குழல் மண்ணுக்குள் புதைந்துவிடும்.

ஆகவே உறுப்புகள் மூன்றே: குழல், இருகால் தாங்கி, அடித்தட்டு.

குழலுக்கு ரீஃபிலை 37 மி.மீ. நீளம் வெட்டினேன். கத்தியால் ஓங்கி அழுத்தினால் வாய் நசுங்கிவிடும். மேசையில் வைத்து உருட்டியபடியே மெல்ல வெட்டவேண்டும். அடிமுனையில் களிம்பால் ஒரு சிறு குமிழ். அது அடித்தட்டின் குழியில் உட்காரும். தட்டுக்கு அட்டையில் கட்டைவிரல் நகத்தளவு செவ்வகம்; அடிப்பக்கம் மண்ணைக் கவ்வும் விலாக்களுக்கு அதே அட்டையின் மெல்லிய கீற்றுகள். இருகாலுக்கு ஊதுபத்திக் குச்சி. கால்களையும் குழலையும் இணைக்கும் பட்டைக்குச் செப்புக் கம்பியை இரண்டு சுற்று. குழலை 45 பாகைக்குக் குறையாமல் நிமிர்த்தி வைக்கவேண்டும். படுக்க வைத்தால் அது மோர்ட்டார் ஆகாது.

ஒரு சிப்பாயின் துப்பாக்கியை வெட்டி நீக்கி, இரு கைகளையும் மேலே தூக்கி ஊசியிட்டு இணைத்துக் குண்டு நழுவவிடும் ஆளாக்கினேன். குண்டுக்குத் தீக்குச்சி நுனி. மற்றொருவன் முதுகில் இன்னோர் அடித்தட்டை ஒட்டி, அணிவகுத்து நடக்கும் குழுவில் சேர்த்தேன். வண்ணம் காய்ந்ததும் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். மனம் நிறைந்தது. அளவில் அரை மில்லிமீட்டர் பிழையில்லை.

மாமாவின் கேள்வி

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். தரைப்படையில் பதினேழு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மோர்ட்டார் பிளாட்டூனில் இருந்தவர்தான் என்பது எனக்கு ஒரு செய்தியாகத் தெரியுமே தவிர, அதைப்பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. என் புத்தகங்களுக்கும் பஸ் பாஸுக்கும் மாதந்தோறும் அவர் பென்ஷனிலிருந்துதான் பணம் வருகிறது.

பாராட்டை எதிர்பார்த்து அவர் முன் படையை நிறுத்தினேன். மோர்ட்டாரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "குழாய் சரி, காலு சரி" என்றார். பிறகு முதுகில் தட்டைச் சுமந்தவனை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இவன் என்ன மாப்ளே, தெர்மோகோல் தூக்கிட்டுப் போறானா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்லை மாமா, பேஸ் பிளேட்டு" என்றேன்.

"பேஸ் பிளேட்டைத் தூக்குறவன் இப்படியா நிமிர்ந்து நிப்பான்? கல்யாண வீட்டுல தாம்பூலத் தட்டு வாங்கினவன் மாதிரி நிக்கிறான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். முற்றத்தில் கிடந்த அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நாலடி நடந்து காட்டினார். நடக்கும்போது தலை முன்னே போயிற்று, இடுப்பு மடங்கிற்று, முழங்கால் எப்போதும் முழுதாக நிமிரவேயில்லை. இறக்கி வைத்தபின் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். அந்த முழங்கால் வலியை நான் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். எதனால் வந்தது என்று அன்றுதான் யோசித்தேன்.

கனம் எங்கே போயிற்று?

எம்1 மோர்ட்டாரின் மொத்த எடை சுமார் 61 கிலோ. மூன்று சுமைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் சுமார் 20 கிலோ. நான் நீளத்தை 32ஆல் வகுத்தேன். ஆனால் எடை நீளத்தைப் பின்பற்றுவதில்லை. கன அளவைப் பின்பற்றுகிறது. நீளம் 32இல் ஒரு பங்கானால் பரப்பு 1,024இல் ஒரு பங்கு. கன அளவு 32,768இல் ஒரு பங்கு. 20 கிலோவை 32,768ஆல் வகுத்தால் 0.6 கிராம். பொற்கொல்லர் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய ஐந்து குன்றிமணி. அதுவும் இரும்பில் செய்தால்! பிளாஸ்டிக் என்பதால் இன்னும் குறைவு.

இது மட்டுமன்று. ஓர் எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. சுருக்கும்போது வலிமை 1,024 மடங்குதான் குறைகிறது, எடையோ 32,768 மடங்கு குறைகிறது. ஆகவே சிற்றுருவம் தன் எடைக்கு மனிதனைவிட 32 மடங்கு வலியதாகிவிடுகிறது. எறும்பு தன் உடலினும் பெரிய சுமையை இழுத்துச் செல்வதன் இரகசியமும் இதுவே. கலிலியோ 1638இல் தம் நூலில் விளக்கிய உண்மை இது. வகுப்பில் பேராசிரியர் அவர்கள் இதைக் கரும்பலகையில் எழுதியபோது நானும் எழுதிக்கொண்டேன், தேர்விலும் எழுதினேன். என் மேசைமேலிருந்த சிப்பாயிடம் அதே விதி வேலை செய்வதை மாமா கேட்கும்வரை உணரவில்லை.

ஆக, அளவைச் சரியாகச் சுருக்கச் சுருக்கக் கனம் அதைவிட வேகமாக ஓடிப்போய்விடுகிறது. கனரக ஆயுதத்திலிருந்து கனம் போய்விட்டால் எஞ்சுவது என்ன? ஒரு ரீஃபில் துண்டுதான்.

கனத்தைத் திரும்பக் கொண்டுவருதல்

எடையைப் பொம்மைக்குத் தரமுடியாது. எடையின் விளைவைத் தரலாம். அதற்கும் கணக்கு உண்டு. 65 கிலோ எடையுள்ள ஒருவன் 20 கிலோ தட்டை முதுகில் சுமக்கிறான் என்று கொள்வோம். தட்டின் ஈர்ப்பு மையம் அவன் உடலின் ஈர்ப்பு மையத்துக்கு 20 செ.மீ. பின்னால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்த மையம் எவ்வளவு பின்னே போகும்? 20ஐ 20ஆல் பெருக்கி 85ஆல் வகுக்க, 4.7 செ.மீ. அந்த அளவுக்கு உடலை முன்னே கொண்டுவராவிட்டால் அவன் மல்லாந்து விழுவான். 4.7 செ.மீட்டரை 32ஆல் வகுத்தால் ஒன்றரை மில்லிமீட்டர். என் சிப்பாயிடம் விடுபட்டது அந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

இனி திருத்திய முறையைச் சொல்கிறேன். சிப்பாயின் இடுப்பில் முன்பக்கம் ஆப்பு வடிவில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து, மேலுடலை முன்னே மடக்கி ஊசியிட்டேன். முழங்காலின் பின்பக்கமும் அவ்வாறே சிறிது வெட்டி மடக்கினேன். மெல்லிய கைகளை வளைக்க வெட்டவேண்டியதில்லை. கொதிநீரில் சற்று வைத்து வளைத்து, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். கழுத்தை வெட்டித் தலையை நிமிர்த்தி வைத்தேன். ஏனெனில் குனிந்து சுமப்பவனும் எதிரே வழி பார்த்துத்தானே நடப்பான். வெட்டுவாய்களைக் களிம்பால் நிரப்பினேன். தட்டைத் தாங்கும் வாரைத் தோளில் தளர்வாக விடாமல், உடலில் அழுந்துமாறு இழுத்து ஒட்டினேன். கடைசியாக, அவன் நிற்கும் பீடத்தில் களிம்பு காயுமுன் பாதங்களை அழுத்திச் சிறிது புதையவிட்டேன். பீடத்தின் அடியில் ஓர் இரும்பு வாஷரை ஒட்டினேன். மேல்நாட்டு ஆட்டக்காரர்களும் இவ்வாறு வாஷர் ஒட்டுவதுண்டு. பொம்மை சாயாது, கையில் எடுத்தாலும் கனம் தெரியும்.

இதே விதி மற்ற ஆயுதங்களுக்கும் பொருந்தும். விக்கர்ஸ் துப்பாக்கியை ஒருவன் சுமந்தால் முக்காலியை இன்னொருவன் சுமப்பான். தோட்டாப் பெட்டிகளையும் தண்ணீர்த் தகரத்தையும் மற்றவர் சுமப்பர். குழலைச் சுற்றியுள்ள உறையில் 4 லிட்டருக்குமேல் தண்ணீர் ஊற்றித்தான் அதன் சூட்டைத் தணிக்கவேண்டும். கொதித்து எழும் நீராவி ஒரு குழாய் வழியே தகரத்துக்குச் செல்லும். துப்பாக்கியை மட்டும் செய்துவிட்டுக் குழாயையும் தகரத்தையும் விட்டுவிட்டால் வேலை பாதிதான் முடிந்தது என்று பொருள். பெட்டியை ஒரு கையில் தூக்குபவன் மறு பக்கம் சாயவேண்டும்; அவனுடைய வெறுங்கை சற்று விலகி நிற்கவேண்டும். தண்ணீர்க் குடம் எடுத்துவரும் நம் வீட்டுப் பெண்களைக் கவனித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கற்பனை ஆயுதங்கள்

'வார்ஹாமர் 40,000' போன்ற கற்பனை விளையாட்டுகளில் ஆயுதங்களே கற்பனை ஆதலால், எப்படியும் செய்யலாமே என்று தோன்றலாம். அந்நிறுவனமே தொடக்க காலத்தில் டியோடரண்ட் டப்பாவைக் கொண்டு மிதவை ஊர்தி செய்யும் முறையை அச்சிட்டு வழிகாட்டியது உண்டு. ஆயினும் இங்கும் ஒழுங்கு உண்டு. பொம்மை ஏந்தியிருப்பது எந்த ஆயுதம் என்று எதிராளி மேசையின் மறுபக்கத்திலிருந்தே அடையாளம் காணவேண்டும் என்பது ஆட்டக்காரர்களிடையே மதிக்கப்படும் மரபு. ஹெவி போல்ட்டர் என்றால் பருத்த குழலும் தோட்டாப் பட்டையும் பெட்டியும் தெரியவேண்டும். லாஸ்கேனன் ஒளிக்கற்றையை வீசுவது. அதற்குத் தோட்டாப் பட்டை வைத்தால் சிரிப்பார்கள். நீண்ட குழலும் மின்கலமும் தடித்த கம்பிகளும் வைக்கவேண்டும். ஆற்றல் எங்கிருந்து வருகிறது, சூடு எங்கே போகிறது, உதையை யார் தாங்குகிறார் என்ற மூன்று கேள்விக்கும் பொம்மையே விடை சொல்லுமானால், கற்பனை ஆயுதமும் மெய்யாகத் தோன்றும்.

முடிவுரை

போரைப் பொம்மையாக்கி விளையாடலாமா என்று என் நண்பன் ஒருவன் கேட்டான். வெல்ஸ் இதே கேள்விக்குத் தம் நூலின் இறுதியில் விடை கூறியிருக்கிறார். பொம்மைப் போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவனுக்கு, உண்மைப் போர் எத்தனை தடுமாற்றமானது, எத்தனை பெரிய அழிவு என்பது புரிந்துவிடும் என்பது அவர் வாதம். ஆனால் அந்நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1914இல், முதல் உலகப் போர் மூண்டுவிட்டது. ஆகவே அவருடைய வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. விளையாடினால் மட்டும் புரிந்துவிடாது. நானும் எத்தனையோ முறை மோர்ட்டாரை விரலால் நகர்த்தியிருக்கிறேன்; அது இருபது கிலோ தட்டு என்பது ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை. சுமப்பவனைச் செய்யத் தொடங்கியபோதுதான் வந்தது.

திருத்திய சிப்பாயை அடுத்த மாதம் மாமாவிடம் காட்டினேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இப்ப சரி மாப்ளே. ஆனா வாருக்கு அடியில துணி மடிச்சு வச்சு விடு. இல்லாட்டித் தோளு காய்ச்சுப் போயிரும்."

அன்றிரவு மெல்லிய காகிதத்தை மடித்துப் பசை தடவி, வாருக்கு அடியில் வைத்தேன். அளவு இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர். எந்தப் படத்திலும் நான் பார்க்காத உறுப்பு அது. என் படையிலேயே ஐயமின்றிச் சரியான உறுப்பும் அதுதான்.

இக்கலையில் ஆர்வமுள்ள நண்பர்கள் மாலை வேளைகளில் இயற்பியல் துறை வராந்தாவில் என்னைச் சந்திக்கலாம். ஆர்வமில்லாதவர்கள், தீர்ந்துபோன ரீஃபில்களை எறிந்துவிடாமல் என்னிடம் தந்துதவினால் நன்றியுடையவனாவேன். இன்னும் இரண்டு மோர்ட்டார் பாக்கி இருக்கிறது.